போட்டோவில் இல்லாத அந்த அக்கா

நேற்று கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் முதலாம் முனையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து வரும் தங்கையின் விமானம் தாமதம். வருகை மண்டபத்தில் காப்பியும் கையுமாகப் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பார்த்த ஒன்றை எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

தமிழகத்திலிருந்து வரும் பேச்சாளர் ஒருவரை அழைத்துப் போக ஒரு சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். பாத்தேக் சட்டையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், கூடவே ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா. மாலை வாடாமல் வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்தது அவர், வேன் ஓட்டுநரைப் போனில் பிடித்து எந்தக் கதவுக்கு வர வேண்டும் என்று மலாயில் சொன்னது அவர், விமானம் இறங்கிவிட்டதா என்று நாலு தடவை திரையைப் போய்ப் பார்த்தது அவர், விருந்தினருக்குச் சர்க்கரை இருக்கு, முதல்ல சாப்பாடு கொடுத்துடணும் என்று தலைவரிடம் ஞாபகப்படுத்தியதும் அவர்தான். விருந்தினர் வந்தார். தலைவர் மாலை போட்டார், இன்னொருவர் பொன்னாடை போர்த்தினார், எல்லாரும் வரிசையாக நின்றார்கள். போட்டோ எடுத்தது அந்த அக்கா.

நான் எழுந்து போய், "கொடுங்கக்கா, நான் எடுக்கிறேன், நீங்க போய் நில்லுங்க" என்றேன். "பரவாயில்லம்மா, அவங்க நிக்கட்டும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளி வருத்தம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த விமான நிலையம் 1998-இல் திறப்பதற்கு முன் சிப்பாங்கின் இந்தப் பக்கமெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். என் பாட்டி வேறொரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆண்கள் வெட்டிய அதே நிரையை வெட்டியவர். ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எப்போதும் ஆம்பளைதான் என்பார். அவருக்கும் முந்தைய தலைமுறைக்கு, 1920-களின் கடைசியில், ஆணுக்கு 50 காசு கூலி என்றால் பெண்ணுக்கு 40 காசு.

அதே தோட்டங்களிலிருந்து 1943-இல் நம் பெண்கள் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் துப்பாக்கி தூக்கப் போனார்கள். கோலாலம்பூர் ஜானகி பதினெட்டு வயதில் போனார். ராசம்மாவுக்குப் பதினாறுதான். பிறகு அதே ராசம்மா பூபாலன் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் கட்டி, ஆணுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடு என்று 1960-களில் போராடினார். இவர்களெல்லாம் நம் வீட்டுப் பெண்கள். அப்புறம் எப்படி "நம்ம பொம்பளைங்க முன்வர மாட்டாங்க" என்று கூசாமல் சொல்கிறோம்?

மலேசியா மெதுவாகவாவது நகர்ந்திருக்கிறது. ஸெத்தி அக்தார் அஸிஸ் 2000 முதல் 2016 வரை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவை நடத்தினார். 2019-இல் தெங்கு மைமுன் முதல் பெண் தலைமை நீதிபதியானார். பங்குச் சந்தையில் பட்டியலான எந்த நிறுவனமானாலும் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூன் 1 முதல் எல்லாருக்கும் வந்துவிட்டது. ஒருவர் போதாது, தெரியும். ஆனால் நம் கோயில் கமிட்டிகளில், சங்கங்களில் அந்த ஒருவரையாவது எண்ணிப் பாருங்கள். மகளிர் பிரிவுத் தலைவி என்று ஒரு நாற்காலி போட்டுவிடுவோம். கோலப் போட்டி, பொங்கல், அன்னதானம். கணக்கும் முடிவும் வேறு மேசையில்.

எங்கள் கோயிலில் ஆறு வருஷம் துணைச் செயலாளராக இருந்திருக்கிறேன். கூட்டக் குறிப்பு நான்தான் எழுதுவேன், பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கையை நான்தான் அனுப்புவேன். போன வருஷம் ஒரு தம்பி என்னைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தபோது, "அக்காவுக்கு வீட்ல ஆயிரம் வேலை, பாவம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த ஆயிரம் வேலையோடுதான் ஆறு வருஷமும் அந்தக் கோப்புகளைத் தூக்கிச் சுமந்தேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை வெளியே வரும்போது அந்தச் சங்கத்து வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த அக்கா கடைசியாக ஏறினார், மாலை சுற்றி வந்த இலையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு. காரில் வரும்போதே அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். முன்மொழிவுப் பாரத்தில் என் பெயரை மறுபடியும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.