பட்டிப்பளை ஆற்று நீரை யாருக்குச் சொல்லித் திறக்கிறார்கள்?

வாய்க்கால் நீரை நம்பிச் செய்யும் கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்தில், கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் குடலைப் பருவத்தில் பயிர் நிற்கும்போது கமக்காரனுக்குத் தெரிய வேண்டியது, அடுத்த தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாளைக்கு வரும் என்பது மட்டுந்தான். எங்கள் வயல் இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், நாவிதன்வெளிப் பக்கத்தில், கல்லோயா என்றும் அழைக்கப்படும் பட்டிப்பளை ஆற்றின் இடதுகரை வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது. என் தகப்பனார் வாய்க்கால் கட்டோரம் ஒரு காட்டுக் கம்பை ஊன்றி, அதில் கத்தியால் மூன்று வெட்டுகள் போட்டு வைத்திருந்தார். மேல் வெட்டுக்குத் தண்ணீர் ஏறினால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நடு வெட்டில் நின்றால் இரவு முழுவதும் வயலுக்கு நீர் பாயும் வரப்பு வாயான வக்கடையில் காவல் இருக்க வேண்டும். கீழ் வெட்டுக்கு இறங்கிவிட்டால் அடுத்த முறை வரும்வரை வானத்தைப் பார்க்க வேண்டும். இன்றும் அந்த இடத்தில் ஒரு கம்பு நிற்கிறது. இது நான் ஊன்றியது.

இங்கினியாகலையில் இந்த ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். அதை நிருவகிக்க 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானபோது, அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரியாக இருந்தது. ஒரு ஆற்றுப் படுகையின் வெள்ளத் தடுப்பு, மின்சாரம், நிலம், மக்கள் நலன் யாவற்றையும் ஒரே நிறுவனம் பொறுப்பேற்று, அந்தப் படுகை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த முன்மாதிரியின் உயிர். எங்களிடம் அணையும் குடியேற்றமும் வந்தன. பதில் சொல்லும் பொறுப்பு வரவில்லை. வாய்க்காலின் தலைப்பகுதியில் வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் குடியேற்றப்பட்டன. ஆண்டாண்டு காலமாக இந்த ஆற்றின் கீழே நெல் விளைவித்த தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பாலும் கடைக்கோடியில் நின்றார்கள். 1956 ஜூன் மாதத்தில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டதை ஒதுக்கிவிட்டு இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் பேசுவது நேர்மையாகாது.

டென்னசி அதிகாரசபையை நான் புனிதமாக்கவில்லை. அதன் முதல் அணையான நொரிஸ் அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் நிலத்தை விட்டு எழுப்பப்பட்டன. 2008 டிசம்பரில் கிங்ஸ்டன் அனல் மின் நிலையத்தின் சாம்பல் தேக்கம் உடைந்து ஆற்றையும் வீடுகளையும் மூடியது. ஆயினும் ஒரு விடயத்தில் அவர்களைப் பார்த்து நாம் கேட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் மட்டத்தையும், அன்றைக்கு எவ்வளவு நீர் திறந்துவிடப்படும் என்பதையும் அவர்கள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். கோடையில் நீர்மட்டத்தை எப்போது குறைப்பது என்ற கேள்விக்கே பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, 2004இல் தங்கள் நடைமுறையை மாற்றினார்கள்.

எங்கள் நிலை என்ன? கல்லோயா சபையின் பணிகள் பின்னர் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபைக்குக் கைமாறின. இன்று ஆறு துண்டுதுண்டாகக் கிடக்கிறது. துரிசும் (நீர் திறக்கும் மதகு) வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், மின்சாரம் மின்சாரத் துறையிடம், குழாய்நீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம், நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு வனசீவராசிகள் திணைக்களத்திடம். ஒவ்வொரு அலுவலகத்திலும் கடமையுணர்ச்சியுள்ள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயலில் தண்ணீர் நிற்கும்போதோ நில்லாமல் போகும்போதோ எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஒரு போகத்தில் முறைத் தண்ணீர் தவறி நான்கு நாட்களானபோது நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒட்டியிருந்த அறிவித்தல் சிங்களத்தில் மட்டுமே இருந்தது; அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடினேன். திரும்பி வந்து, எங்கள் பகுதி வயல்களுக்கு நீரைப் பங்கிடும் வட்டவிதானையாரிடம் கேட்டதற்கு, “மேல எவ்வளவு திறந்திருக்கு எண்டு எனக்கே சொல்றதில்ல மனே” என்றார். நீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவருக்கே கணக்குத் தெரியாத ஏற்பாட்டை முகாமைத்துவம் என்று எப்படிச் சொல்வது?

மாரியில் இதே குறை வேறு முகம் காட்டுகிறது. நவம்பர் முதல் பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் கீழ்ப்பகுதி வயல்கள் தம் மழையிலேயே நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் மேலே அணையில் ஒரு கதவு உயர்ந்தால், முன்கூட்டி அறிந்தவன் மாட்டையும் நீர்ப்பம்பியையும் மேட்டுக்கு ஏற்றிவிடுவான், அறியாதவன் இழப்பான். சிறுபோகத்துக்கு நீரைச் சேமிப்பதா, வெள்ளத்துக்கு இடம் விடுவதா என்பது பொறியியலாளருக்கு உண்மையிலேயே கடினமான முடிவு. அது கடினமானது என்பதனாலேயே மூடிய அறைக்குள் எடுக்கப்படக் கூடாது என்கிறேன்.

இது நடவாத காரியம் என்போருக்கு, 1980களின் தொடக்கத்தில் இதே இடதுகரையில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்து, ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த 1981 சிறுபோகத்தில், தலைப்பகுதிக் கமக்காரர்கள் தாமாகவே வாய்க்கால் துப்புரவு செய்து, முறை வைத்து நீரெடுத்து, மிச்சப்பட்டதைக் கீழே விட்டார்கள். இனமும் மொழியும் அந்த வாய்க்காலில் குறுக்கே நிற்கவில்லை. தண்ணீரின் அளவு எல்லோருக்கும் தெரிந்திருந்தால் நம்பிக்கை வளரும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

ஆகவே வருகிற சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் எங்கள் விவசாய அமைப்பின் சார்பில் ஒரு கடிதம் கையளிக்கவிருக்கிறோம். நீர்த்தேக்கத்தின் மட்டமும் இடதுகரைக்குத் திறக்கும் அளவும் நாள்தோறும் இரு மொழிகளிலும் வெளியாக வேண்டும். கதவு உயர்த்துவதற்கு முன் வட்டவிதானைமாருக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். கடைக்கோடி வாய்க்காலில் அளவுகோல் பதித்த ஒரு கல் நட வேண்டும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அமைப்புகளும் கையொப்பமிட விரும்பினால் உட்பெட்டியில் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியை அனுப்பிவைக்கிறேன்.