மருத்துவ மாணவரின் வங்கிக் கடனுக்கு வட்டி இல்லையா?

கனடாவில் மருத்துவம் படிப்பவர்களுக்கு வங்கிகள் தரும், லைன் ஆஃப் கிரெடிட் எனப்படும், குறித்த வரம்புவரை தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடனுக்குப் படிப்பு முடியும்வரை வட்டி இல்லை என்றும், ஆகவே அரசுக் கல்விக் கடனை அதைக்கொண்டு அடைத்துவிடலாம் என்றும் ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

படிப்புக் காலத்தில் தள்ளிப்போவது அசலைத் திருப்பிச் செலுத்துவது மட்டுமே. பணம் எடுத்த நாளிலிருந்தே, எடுத்த தொகைக்கு வட்டி ஏறத் தொடங்குகிறது. 2,00,000 டாலர் எடுத்திருப்பவருக்கு 5 விழுக்காட்டில் மாதம் ஏறத்தாழ 833 டாலர் வட்டியாகும். வருமானமில்லாத மாணவர் அதையும் அதே கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினால், வட்டிக்கும் வட்டி சேரும். இவ்வட்டி, வங்கிகள் தம் கடன்களுக்கு அடிப்படையாகக் கொள்ளும் முதன்மை வட்டி விகிதத்தையொட்டி (பிரைம் ரேட்) மாறக்கூடியது. 2022 தொடக்கத்தில் 2.45 விழுக்காடாக இருந்த அவ்விகிதம் 2023 ஜூலையில் 7.20 ஆனது என்பதைக் கடன் வாங்குவோர் அவசியம் கவனிக்க வேண்டும்.

வட்டியில்லாதது உண்மையில் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன்தான். 2023 ஏப்ரல் 1 முதல் படிப்பு முடிந்த பின்னும் அதற்கு வட்டி கிடையாது. அரசுக் கல்விக் கடனில் மாகாண அரசு தரும் பங்குக்கான வட்டி விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அரசுக் கடனை வங்கிக் கடனால் அடைப்பவர், அரசுக் கடனில் வட்டி உள்ள பங்குக்குக் கட்டும் வட்டிக்குரிய வரிச் சலுகையையும், கிராமப்புறங்களில் பணிபுரியும் குடும்ப மருத்துவர்களுக்கான கடன் தள்ளுபடியையும் அத்தொகைக்கு இழந்துவிடுகிறார். ஆதலால் அரசுக் கடனையும் உதவித்தொகையையும் முழுமையாகப் பெற்ற பிறகு, பற்றாக்குறைக்கு மட்டுமே வங்கியை நாடுவது நல்லது.