நான் எங்கே போனேன் என்பது என் விஷயம்

வழி காட்டும் மேப் ஆப்களை ஒப்பிட்டு மார்க் போட்ட அந்த "எந்த மேப் பெஸ்ட்" பதிவையும் அதன் கீழே நடந்ததையும் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லும் தெம்பு எனக்கில்லை. நான் அங்கே கேட்டது ஒரே கேள்விதான். வேகம், குரல் வழிகாட்டல், டிராபிக், டோல் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டீர்களே, நம் லொகேஷனை எந்த ஆப் எவ்வளவு நாள் வைத்துக்கொள்கிறது என்பதற்கு ஏன் மார்க் இல்லை? வந்த பதில்: "மறைக்க ஒன்றும் இல்லாத குடும்பப் பெண்ணுக்கு இந்தக் கவலை எதற்கு?" அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள், அதில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சிலரும். கொஞ்ச நேரத்தில் என் கமெண்டையே காணோம்.

சரி, இங்கே எழுதுகிறேன். நான் எங்கே போனேன், எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதை யார் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். அதைக் கேட்பதற்கு என்னிடம் ரகசியம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

கூகுள் மேப்ஸை நான் மட்டம் தட்டவில்லை. சந்துக்குள் இருக்கும் டெய்லர் கடை வரைக்கும் காட்டும், டிராபிக்கில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்த டிராபிக் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் போன்களிலிருந்துதான். 2020-ல் வெளிவந்த ஒரு வீடியோவில் பெர்லின் கலைஞர் ஒருவர் 99 போன்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த தெருவில் நடந்தார், கூகுள் மேப்பில் அந்தத் தெரு, டிராபிக் நெரிசல் என்று சிவப்பாகிவிட்டது. நாம் கொடுக்கிறோம், அவர்கள் திருப்பித் தருகிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் எனக்குச் சண்டை இல்லை, கணக்கு எனக்கும் தெரிய வேண்டும் என்கிறேன். நாம் போன இடங்களைக் குறித்துவைக்கும் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்துவைத்தாலும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற இன்னொரு செட்டிங் வழியாக நாம் போகும் இடங்கள் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2018-ல் வெளிக்கொண்டு வந்தது. அந்த விவகாரத்தில் கூகுள்காரர்கள் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 2022-ல் 39.15 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில், டைம்லைனை, அதாவது அந்த லொகேஷன் ஹிஸ்டரியை, இனி அவரவர் போனுக்குள்ளேயே வைக்கப்போவதாக அறிவித்தார்கள். கேள்வி கேட்க ஆள் இருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது என்று நம்புகிறேன். என்னைப் போல எமோஜி வாங்கிக்கொண்டு கேட்டவர்கள்தான் அவர்களும்.

ஆப்பிள் மேப்ஸ் 2012-ல் வந்தபோது தப்பும் தவறுமாக இருந்து ஆப்பிளின் தலைமை அதிகாரி டிம் குக்கே மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கு அது நீங்கள் தேடும் இடங்களையும் போகும் வழிகளையும் உங்கள் கணக்கோடு சேர்ப்பதில்லை, அடிக்கடி மாறும் ஒரு தற்காலிக அடையாளத்தோடுதான் அனுப்புகிறது என்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் போனை வாங்க முடிந்தவர்களுக்கு.

மேப்பில்ஸ் பற்றிச் சொன்னால் உடனே தேசப்பற்று வந்துவிடுகிறது. அதை உருவாக்கிய மேப்மைஇந்தியா 1995-லிருந்து இருக்கிற இந்திய நிறுவனம், உழைத்து வரைந்த மேப் அது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று சந்திப்பையே படமாகக் காட்டுவது நிஜமாகவே உதவுகிறது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அதைப் பாராட்டி வீடியோ போட்ட பிறகு எல்லோரும் இறக்கினார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் "நம்ம நாட்டு ஆப்" என்பது என் கேள்விக்குப் பதில் ஆகாது. எவ்வளவு நாள் வைப்பீர்கள், யார் கேட்டால் கொடுப்பீர்கள் என்று உள்ளூர்க்காரரிடமும் கேட்கத்தான் வேண்டும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே 17-வது பிரிவில் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

எனக்கு மனசுக்குப் பிடித்தது ஆர்கானிக் மேப்ஸ். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று 2004-லிருந்து உலகம் முழுக்க மக்களே சேர்ந்து வரைகிற வரைபடத்தில் ஓடுவது. தமிழ்நாட்டை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமல் வழி சொல்லும், கணக்குத் தொடங்கச் சொல்லாது, பின்னாலேயே வராது. டிராபிக் காட்டாது, கதவு எண் போட்டால் முழிக்கும், புதுக் கடைகள் பாதி இருக்காது, இதெல்லாம் உண்மை. "அப்படியானால் அது குப்பை" என்று எழுதிய அண்ணனுக்கு ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக் குறித்து ஒரு வரைபடம் உருவாக்கினார்களே, அது இதே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற குப்பையின் மேல்தான் நின்றது.

இனி என் கதை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பா போன பிறகு சில மாதங்கள் நான் ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அந்தச் சமயம் ஒரு வளைகாப்பில் போட்டோ எடுக்க என் போனை நாத்தனார் கையில் கொடுத்தேன். வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே ஒரு நோட்டிபிகேஷன் இறங்கியது. அந்த கிளினிக்கின் பெயர், முழுப் பெயர், கீழே ஐந்து காலி நட்சத்திரங்கள், எப்படி இருந்தது, ரிவியூ எழுதுங்கள் என்று. எந்த ஆப் என்பது இங்கே தேவையில்லை. "யாருக்கு அண்ணி மனசு சரியில்லை?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள், சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த அத்தை திரும்பிப் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நான் கொஞ்சம் கோபமாகப் பேசினாலே "மாத்திரை போட்டாயா" என்று ஒரு குரல் வரும். இன்றைக்கும் வருகிறது. நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தோன்றும்போது, என் வாயால் சொல்லியிருப்பேன். அந்த உரிமை என்னிடமிருந்து போய்விட்டது.

இதற்கும் பதில் வைத்திருப்பீர்கள். "நோட்டிபிகேஷனை அணைத்திருக்கலாமே." அணைக்கலாம், இப்போது அணைத்துத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்பிலும் எந்த மூலையில் அந்தப் பட்டன் இருக்கிறது என்று தேடுவது ஏன் என் வேலையாக இருக்க வேண்டும்? "பேஸ்புக்கில் உட்கார்ந்துகொண்டு பிரைவசியா?" இங்கே நான் எழுதுவது நான் எழுத நினைத்தது. "உன் ஒருத்தியை எவன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான்?" புளோரிடாவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஒரு வீட்டைக் கடந்து போன ஒருவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அந்த வீட்டில் திருட்டுப் போன நேரத்தில் பக்கத்தில் இருந்த போன்களின் விவரத்தை போலீஸ் கூகுளிடம் கேட்க, அவர் வக்கீல் வைத்துத் தான் திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டி வந்தது. மறைக்க எதுவும் இல்லாத மனிதர்தான்.

"பெண்களுக்குப் பாதுகாப்பே லொகேஷன்தான்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ஆட்டோவில் ஏறினால் நானும் தோழிக்கு லைவ் லொகேஷன் அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று இருக்கிறதல்லவா, நான்தான் தேர்ந்தெடுக்கிறேன், வீடு வந்ததும் நிறுத்துகிறேன். ஆனால் எத்தனை வீடுகளில் லொகேஷன் ஷேரிங் நிற்காமல் ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியும். கல்யாணமான மறுவாரமே மருமகள் போனில் ஷேரிங்கைப் போட்டுவிட்டு, "சும்மா, சேஃப்டிக்குத்தான்" என்பார்கள். அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் எங்கே நின்றாய் என்று போன் வரும். மகன் போனை யாரும் கேட்பதில்லை.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்றவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப்பில் 'பின்' குறி போட்டு விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது, போலீஸ் ஒருவரின் நடமாட்டத்தை எந்நேரமும் கண்காணிக்க முடியாது என்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மரியாதை உண்டு. எந்தக் குற்றமும் செய்யாத எனக்கு ஏன் கிடையாது? மேப்புக்கு மார்க் போடும் பதிவில் இதைக் கேட்டால் ஏன் சிரிக்கிறீர்கள்?

மேப் ஒப்பீட்டில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டாள் என்று சொல்வீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தப் பதிவில் யாருடைய கமெண்டையும் நீக்க மாட்டேன், எந்த ஆப் நல்லது என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். என் நாத்தனாரைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் எழுத வேண்டாம், அவள் இதைப் படிப்பாள்.