பாட்டுக்கு நடுவே அவர் பேசட்டும்

"வாசிக்க வந்தவர் வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, நடுவில் எதற்கு இவ்வளவு பேச்சு?" அமெரிக்காவின் லூசியானா மாநில ப்ளூஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான டேப் பெனுவாவின் திறந்தவெளிக் கச்சேரிக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். கிட்டார் அபாரம், பேச்சுதான் தாங்கவில்லையாம். ஹூஸ்டனுக்குக் குடிவந்ததிலிருந்து இதே குறையை வேறு சிலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அவர் பேசுவது தன் ஊர்ச் சதுப்பு நிலம் அழிவதைப் பற்றி. அந்தப் பேச்சைக் கழித்துவிட்டால் அந்த இசையில் பாதி போய்விடும் என்று நினைக்கிறேன்.

முதலில் இது எந்த மண்ணின் இசை என்று பார்க்கலாம். பெனுவா வாசிக்கும் ஸ்வாம்ப் ப்ளூஸ், அதாவது சதுப்பு நிலத்து ப்ளூஸ், 1950-களில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் வட்டாரத்துக் கறுப்பினக் கலைஞர்களிடம் உருவானது. லைட்னின் ஸ்லிம், ஸ்லிம் ஹார்ப்போ, லேஸி லெஸ்டர், லோன்சம் சன்டவுன் எல்லாரும் குரோலி என்ற சிற்றூரில் ஜே மில்லர் நடத்திய ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடினார்கள். நாஷ்வில்லின் எக்ஸெல்லோ நிறுவனம் அவற்றை இசைத்தட்டாக வெளியிட்டது. சிகாகோ ப்ளூஸ் மாதிரி இது முட்டிமோதிக்கொண்டு வராது. தாளம் அரை நொடி சோம்பலாக வந்து சேரும், கிட்டாரின் ஒலி நடுங்கும், மவுத் ஆர்கன் நீளமாக இழுக்கும். அட்டைப்பெட்டியையும் சுருட்டிய செய்தித்தாளையும் தட்டித் தாளம் போட்ட பதிவுகள்கூட உண்டு. புழுக்கமான ஊரில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். அந்த நிதானம் அப்படியே இசைக்குள் வந்துவிட்டது.

அதனால்தான் இதைக் கூரைக்குக் கீழே கேட்பதைவிட வெட்டவெளியில் கேட்பது எனக்குப் பிடிக்கும். புல்தரை, மடக்கு நாற்காலி, வியர்வை, கொசு எல்லாம் இருக்கட்டும். சுவரில் மோதித் திரும்பாத ஒலி மெல்லப் பரவி அடங்குவதற்கு இடம் கிடைக்கிறது. பெனுவா பெரும்பாலும் ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பவர். கையில் எப்போதும் அதே 1972-ஆம் வருட ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைன் கிட்டார். காலுக்குக் கீழே ஒலியை மாற்றும் மிதிக்கட்டைகளின் வரிசை கிடையாது, நேராக ஆம்ப்ளிஃபயருக்குள் சொருகி வாசிக்கிறார். ஒரு சுரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்கு அவர் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே நான் போவேன்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். 1967-இல் பேட்டன் ரூஜில் பிறந்த பெனுவா, தெற்கே ஹூமா என்ற ஊரில் வளர்ந்தவர். ப்ளூஸைக் கற்றுக்கொண்டது பேட்டன் ரூஜில் டேபி தாமஸ் நடத்திய ப்ளூஸ் பாக்ஸ் என்ற சிறு அரங்கில், மூத்த கறுப்பினக் கலைஞர்களின் பக்கத்தில் நின்று. சிறு விமானம் ஓட்டத் தெரிந்தவர். தன் ஊர்ச் சதுப்பு நிலம் கரைந்துபோவதை மேலிருந்தே பார்த்தவர். மேடையில் அவர் பேசுவது இதைத்தான்.

அது வெறும் புலம்பல் இல்லை. மிசிசிப்பி நதி ஆயிரக்கணக்கான வருடங்கள் வண்டலைக் கொட்டிக் கட்டிய நிலம் அது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு நதியின் இரு கரையிலும் உயரமாக அணைக்கரை எழுப்பியது. ஊர்கள் தப்பின, ஆனால் வண்டல் நிலத்துக்கு வராமல் நேரே வளைகுடாவுக்குள் போய் விழுகிறது. புது மண் சேராத நிலம் தன் எடையிலேயே அமுங்குகிறது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புநீர் உள்ளே ஏறியது. சைப்ரஸ் மரங்கள் பட்டுப்போயின, புல் செத்தது, புல்லின் வேர் பிடித்துவைத்திருந்த மண்ணும் கிளம்பிப் போனது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணக்குப்படி 1932 முதல் 2016 வரை லூசியானாக் கடற்கரை இழந்த நிலம் சுமார் 4,833 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட டெலவேர் மாநிலம் அளவு. ஹூமா இருக்கும் அதே டெரபோன் வட்டத்தில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற தீவு 1955-இலிருந்து தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்துவிட்டது. அங்கிருந்த பூர்வகுடிக் குடும்பங்களை வடக்கே வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று.

புயலின் கடல்நீரை முதலில் வாங்கிக்கொள்வது இந்தச் சதுப்பு நிலம்தான். பெனுவா 'வாய்ஸ் ஆஃப் தி வெட்லேண்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியது 2005 கத்ரீனா புயலுக்கு முன்பே. டாக்டர் ஜான், சிரில் நெவில் போன்ற லூசியானா இசைக்கலைஞர்களைச் சேர்த்து இதற்காகவே ஒரு இசைத்தொகுப்பைப் பதிவு செய்ததும் புயலுக்கு முன்புதான். முன்கூட்டியே சொன்ன மனிதரைப் பார்த்து "போதும், பாட்டைப் போடு" என்கிறோம்.

காசு கொடுத்தது இசைக்குத்தானே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்சிக்கு ஓட்டுக் கேட்டால் நானும் எழுந்து போவேன். ஆனால் இவர் பேசுவது அந்த இசை பிறந்த இடத்தைப் பற்றி. அந்த இடமே இல்லாமல் போன பிறகு அதன் பெயரில் மேடை போட்டு என்ன செய்வது?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த இசையின் முன்னோடிகளுக்கு மேடையில் நின்று பேசும் வாய்ப்பு எங்கே இருந்தது? ஸ்லிம் ஹார்ப்போவின் 'ஐ'ம் எ கிங் பீ' பாட்டை இங்கிலாந்தின் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே பாடினார்கள். ஹார்ப்போவோ ஐரோப்பியப் பயணத்துக்குக் கிளம்பவிருந்த நேரத்தில், 1970 ஜனவரியில் இறந்துபோனார். இந்த முன்னோடிகளைப் பதிவு செய்த அதே ஜே மில்லர்தான் 1960-களின் நடுவில் 'ரெப் ரெபல்' என்ற பெயரில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் இசைத்தட்டுகளையும் வெளியிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பிழைப்புக்கு அவரையே நம்பியிருந்த கலைஞர்கள் எதை வெளியே சொல்லியிருக்க முடியும்? பெனுவா வெள்ளையர், அவருக்கு அந்தத் தடை இல்லை. தனக்குக் கிடைத்த ஒலிவாங்கியை மண்ணுக்காகப் பயன்படுத்துகிறார். அதை நான் மதிக்கிறேன்.

பேசி என்ன ஆகிவிட்டது என்று கேட்பவர்களுக்கு: நதியின் வண்டலை மறுபடி சதுப்புக்குள் திருப்பிவிடும் மிட்-பாரடாரியா திட்டத்தை 2023-இல் தொடங்கிய லூசியானா அரசு, செலவு சுமார் 300 கோடி டாலரைத் தொட்ட நிலையில் 2025-இல் கைவிட்டது. நன்னீர் வந்தால் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் கரைவது நிற்கவில்லையே. பேச இன்னும் நிறையவே இருக்கிறது.

அவருடைய அமைப்பு அக்டோபர் மாதங்களில் ஹூமாவில் திறந்தவெளி விழா நடத்திவருகிறது. ஹூஸ்டனிலிருந்து காரில் சுமார் ஐந்து மணி நேரம். அடுத்த விழாவுக்கு நான் போகிறேன், யார் வேண்டுமானாலும் கூட வரலாம். அந்த நண்பரையும் அழைத்திருக்கிறேன்.