யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்லாத 85 நிமிடங்கள்

குடும்பத்தோடு படம் பார்க்கப் போனால் எனக்கென்று ஒதுக்கப்படுவது எப்போதும் நடு இருக்கைதான். ஒரு பக்கம் என் அம்மா, மறுபக்கம் என் ஏழு வயது மகள். சப்டைட்டிலின் ஒரு வரியை அம்மா படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும். மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே அந்த நேரம் போதாது. தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட படமென்றாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. பாத்திரங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும் வேகத்தில் அம்மா பாதியைத் தவறவிடுவார். உள்ளர்த்தம் வைத்த கிண்டல்களில் முக்கால்வாசியை மகள் தவறவிடுவாள். ஆகவே இருபுறமும் மாறி மாறிக் குனிந்து, யார் யாருடைய அப்பா, அந்த முயல் எதற்காகப் பொய் சொன்னது என்று காதோடு சொல்லிக்கொண்டிருப்பதே பல ஆண்டுகளாக நான் படம் பார்க்கும் முறையாக இருந்துவந்தது. 'ஃப்ளோ' படத்தில் அந்த வேலை எனக்கு இல்லாமற்போனது. பார்த்துப் பல நாள்கள் ஆன பின்னும் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடாததற்கு அதுதான் முதற்காரணம்.

லாத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய இந்தப் படம் 2024 மே மாதத்தில் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2025 மார்ச்சில் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. லாத்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. லாத்வியா, பிரான்சு, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளின் கலைஞர்கள் சேர்ந்து, எவரும் காசு கொடுக்காமல் தரவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் இதை உருவாக்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்திகள்தாம். ஆனால் நடு இருக்கைக்காரியான எனக்கு இவற்றைவிடப் பெரிய செய்தி, படத்தின் 85 நிமிடங்களிலும் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை என்பதுதான்.

மனிதர்கள் இல்லாத ஓர் உலகம். ஒரு வீடு இருக்கிறது. அதைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகப் பூனைச் சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய கையை மட்டும் காணவில்லை. அந்த வீட்டில் தனியாக வாழும் ஒரு கருஞ்சாம்பல் நிறப் பூனையைச் சூழ்ந்து வெள்ளம் ஏறுகிறது. ஏற ஏறப் பூனை மேலே போகிறது. இனிப் போவதற்கு மேலிடம் இல்லை என்ற நிலையில் ஒரு படகு மிதந்து வருகிறது. அதில் எலி இனத்திலேயே மிகப் பெரிய விலங்கான கேப்பிபாரா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பின்னர் கிடைத்த பொருள்களையெல்லாம் கூடையில் சேர்த்து வைக்கும், குரங்கை ஒத்த ஒரு லெமூர், ஒரு லாப்ரடார் நாய், நெடுங்கால்கள் கொண்ட ஒரு செக்ரட்டரி பறவை என்று படகு நிறைகிறது. கதை இவ்வளவுதான்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மகள் என் பக்கம் சாய்ந்து, "மனுஷங்க எல்லாம் எங்கம்மா போனாங்க?" என்று கேட்டாள். பழக்கத்தின்படி விளக்கம் சொல்ல வாய் திறந்த எனக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "தெரியலயே கண்ணு, பாப்போம்" என்றார். அந்த ஒரு வரியைக் கேட்ட கணத்தில், நாங்கள் மூவரும் முதன்முறையாக ஒரே அளவு அறியாமையோடு ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று உணர்ந்தேன். படம் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இல்லை. வெள்ளம் ஏன் வந்தது, வந்த வேகத்தில் ஏன் வடிந்தது என்பதையும் சொல்வதில்லை. பூனைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும்.

இதில் வரும் விலங்குகள் மனிதர்களைப் போல இரண்டு கால்களில் நின்று வாதாடுவதில்லை, விலங்குகளாகவே இருக்கின்றன. அவற்றின் குரல்களும் உண்மையான விலங்குகளிடமிருந்து ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. கேப்பிபாராவின் இயல்பான குரல் கீச்சென்று இருந்து, அதன் நிதானமான உருவத்துக்குப் பொருந்தாமற்போனதால், அதற்கு ஓர் ஒட்டகக் குட்டியின் குரலைக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு இல்லாத இடத்தில் காதின் மடிப்பும் வாலின் அசைவும் முதுகின் வளைவும் வசனங்களாகிவிடுகின்றன. இந்த வசனங்களைப் படிப்பதில் என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பூனையின் காதுகள் பின்னோக்கி மடியும்போதே அவள் என் விரல்களைப் பற்றிக்கொள்வாள். ஆபத்து என்ன என்பது எனக்கு அதன் பிறகுதான் திரையில் தெரியும். அம்மாவோ கேப்பிபாராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல், வருகிற எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிற அந்த விலங்கை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

குடும்பப் படங்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. குழந்தைக்கு விழுந்து எழும் வேடிக்கை, பெரியவருக்குக் குழந்தையின் தலைக்கு மேலாகப் போகும் நையாண்டி என்று இரண்டு தனித்தனிப் படங்களை ஒன்றாகத் தைத்துத் தருவதே குடும்பப் படம் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட படங்களிலும் நல்லவை இருக்கின்றன, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு அரங்கில் இரண்டாகப் பிரிந்து எழுகிறது. பெரியவர்கள் சிரிக்கும்போது குழந்தைகள் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்; குழந்தைகள் சிரிக்கும்போது பெரியவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். குழந்தையை அழைத்து வந்த துணையாள் என்ற நினைப்போடு ஒரு பெரியவர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், அந்தக் குழந்தை கூட்டத்தின் நடுவில் தனியாகத்தான் படம் பார்க்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'ஃப்ளோ' ஓடிய அரங்கில் அந்தப் பிரிவு இருக்கவில்லை. லெமூர் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சொக்கி நின்றபோது எழுந்த சிரிப்பில் வயது தெரியவில்லை. பூனை தாவுவதற்குத் தயங்கி நின்ற ஓரிடத்தில், முன்வரிசைகளில் எங்கோ ஒரு குழந்தை "குதி!" என்று கத்தியது, படம் முழுவதிலும் நாங்கள் கேட்ட ஒரே வசனம் அதுதான்.

இதே படத்தை வீட்டில் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. வசனமுள்ள படத்தைக் காதால் பிடித்துக்கொண்டு வேறு வேலையும் செய்ய முடியும். வசனமில்லாத படத்திலிருந்து கண்ணை எடுத்தால் அந்த நொடியே அறுந்துவிடும். இருட்டும், எழுந்துபோக மனமில்லாத இருக்கையும், பக்கத்தில் இருப்பவர் மூச்சடக்குவதை உணரும் நெருக்கமும் இதற்கு வேண்டியிருக்கின்றன. ஒலியும் அப்படித்தான். நீர் படகின் அடியில் மோதும் சத்தம் அரங்கின் நான்கு புறங்களிலிருந்தும் வரும்போது, பூனைக்கு நீரின் மேலுள்ள அச்சம் நம் கால்களுக்கும் வந்துவிடுகிறது. ஸில்பலோடிஸ் பள்ளியில் படித்த காலத்தில் எடுத்த 'அக்வா' என்ற குறும்படமே நீருக்கு அஞ்சும் ஒரு பூனையைப் பற்றியதுதான். தம் முதல் முழுநீளப் படமான 'அவே'யை அவர் தனியொருவராகவே செய்து முடித்து 2019இல் வெளியிட்டார். பிறரோடு சேர்ந்து வாழக் கற்கும் ஒரு பூனையின் கதையை, பெருங்குழுவோடு சேர்ந்து வேலை செய்யக் கற்றபடியே ஒருவர் எடுத்திருக்கிறார் என்று அறிந்தபோது, படத்தின் மீதிருந்த என் மதிப்பு இன்னும் கூடியது.

நொடிக்கு 24 பிரேம் என்று கணக்கிட்டால் இந்தப் படத்தில் ஏறத்தாழ 1,22,000 பிரேம்கள் வருகின்றன. அத்தனையிலும் கேமரா பெரும்பாலும் பூனையின் கண் உயரத்திலேயே இருக்கிறது. வெட்டாமல் நீண்ட நேரம் அதன் பின்னாலேயே ஓடுகிறது, அதனோடு நீரில் மூழ்குகிறது, மூச்சு வாங்க மேலே வருகிறது. 2001இல் வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தில் ஒரே ஒரு பாத்திரத்தின் உடலில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட முடிகளைக் கணினியில் அசையவைத்தார்கள். அது ஒரு சாதனை. இங்கே பூனையின் உடலில் முடிகளை எண்ண முடியாது. தூரிகையால் தீட்டியது போன்ற பரப்புதான். ஆனால் அது உடலைச் சிலிர்க்கும் விதத்திலும் படகின் விளிம்பில் எடையை மாற்றி நிற்கும் விதத்திலும், பூனைகளை நெடுநாள் உற்றுப் பார்த்த கண் தெரிகிறது.

படத்தைப் பார்த்த நண்பர்கள் சிலர், குழந்தைக்கு இது கொஞ்சம் கடுமையாக இல்லையா என்று கேட்டார்கள். பூனையைக் காக்கப் போன பறவையைத் தன் கூட்டமே சிறகு ஒடித்து விட்டுவிட்டுப் போகிற காட்சியைத்தான் குறிப்பிட்டார்கள். அந்தக் காட்சியில் என் மகள் அழுதாள், உண்மைதான். ஆனால் குழந்தைக்கு வருத்தமே வரக்கூடாது என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட விதி என்றே எனக்குப் படுகிறது. 1988 ஏப்ரலில் ஜப்பானின் கிப்லி நிறுவனம், காட்டுத் தெய்வத்தோடு சிறுமியர் விளையாடும் ஒரு படத்தையும், போரில் பெற்றோரை இழந்து பசியால் மாளும் அண்ணன் தங்கையின் படத்தையும் ஒரே நாளில் இரட்டைப் படங்களாகத் திரையிட்டது. இரண்டையும் ஒரே அமர்வில் பார்ப்பது சிறு குழந்தைக்கு மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அனிமேஷன் என்பது மகிழ்ச்சிக்கு மட்டும் வகுக்கப்பட்ட கலையன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வருத்தமான காட்சி வருகையில் இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளக் கை இருக்கிறதா என்பதுதான் நான் பார்க்கிற ஒன்று. அன்று என் மகளின் கையை நான் பிடித்திருந்தேன். என் கையை அம்மா பிடித்திருந்தார்.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க என்னால் இயலவில்லை.

கதையினூடே திமிங்கிலத்தை ஒத்த ஒரு பேருயிர் நீரில் வந்து வந்து போகிறது. வெள்ளம் இல்லாதிருந்தால் அதற்கு அங்கே இடமே இல்லை. நீர் வடிந்து மற்ற உயிர்கள் பிழைத்த பின்னர், காட்டின் நடுவே தரைதட்டி அது கிடப்பதைப் பூனை கண்டுபிடிக்கிறது. அருகில் போய்த் தலையால் அதை உரசி நிற்கிறது. ஒன்றுக்கு உயிர் தந்தது எதுவோ அதுவே இன்னொன்றுக்கு முடிவாகிவிடுகிறது என்பதைச் சொல்ல அங்கே ஒரு வசனம் இருந்திருந்தால், நான் அதை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பேன். அந்த வலி நடுவழியிலேயே நீர்த்துப் போயிருக்கும்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பலர் எழுந்து கிளம்பினார்கள். என் மகள் மட்டும் எழ மறுத்தாள். அந்தத் திமிங்கிலத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வரமாட்டேன் என்றாள். பெயர்கள் முடியும் வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில், திறந்த கடலின் பரப்பைப் பிளந்துகொண்டு அதைப் போன்ற ஒன்று மேலெழுகிறது. அது அதேதான், பிழைத்துக் கடலுக்குப் போய்விட்டது என்றாள் மகள். இல்லை, இது அதன் பிள்ளையாக இருக்கும் என்றார் அம்மா. வெளியே வந்து படியிறங்கும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் விடாமல் வாதாடிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.