"தமிழை விட்டுடுங்க" என்று சொல்லும் நல்லவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் என் வீட்டுக் கூடத்தில்தான் டியூஷன் நடக்கிறது. போன வாரம் ஓர் அம்மா இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனோடு வந்தார். "டீச்சர், இவனுக்கு டிஸ்லெக்சியாவாம், எழுத்துக்கூட்டி வாசிக்க, எழுதத் தடுமாறுற சிக்கலாம். தமிழ், மலாய், இங்கிலீஷ்னு மூணு மொழி தாங்காது, தமிழ்ப்பள்ளியை விட்டு மாத்திடுன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்க." பையன் என் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளியை மாற்றினால் டிஸ்லெக்சியா பழைய பள்ளியிலேயே தங்கிவிடுமா? கூடவேதான் வரும். மாற்ற வேண்டியது நாம் சொல்லித்தரும் விதத்தை.

247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216 இவை சேர்ந்து பிறப்பவை. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. 'கெ' எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'க்'. 'கொ' இன்னும் மோசம், ஒரே ஒலி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. வரிசை தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். அதனால் கொம்பையும் காலையும் சிவப்பு அட்டையில் வெட்டி, எழுத்தோடு ஒட்டி, ஒரே துண்டாகக் கையில் கொடுக்கிறேன். ண, ன, ந மூன்றையும் ஒரே நாளில் நடத்துவதே இல்லை. ஒன்று ஊறட்டும், பிறகு அடுத்தது.

தாம்பாளத்தில் அரிசி பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வைக்கிறேன். கண், காது, வாய், கை நான்கும் ஒன்றாக வேலை செய்யும் இம்முறையை 1930களில் அமெரிக்காவில் மருத்துவர் ஆர்டனும் ஆசிரியை கில்லிங்ஹாமும் வகுத்தார்கள். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும் ஏறக்குறைய இதுதானே! (பிரம்பை மட்டும் விட்டுவிடலாம்.)

"தப்பா எழுதினியா, பத்துத் தடவை எழுது" என்று நானும் பல வருடம் சொன்னவள்தான். பிள்ளை அதே தப்பைப் பத்துத் தடவை எழுதிப் பழகியதுதான் மிச்சம். இப்போது வாய்ப்பதிலையும் ஏற்றுக்கொள்கிறேன். கதையைக் கேட்டுவிட்டு அழகாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளையை, எழுத்துப்பிழையை வைத்து மக்கு என்பதா?

ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அட்டை, எடுத்தால் பெயர் கெட்டுவிடும் என்று அந்த அம்மா தயங்கினார். கற்றல் சிக்கலும் அதில் ஒரு பிரிவுதான்மா, பதிந்து வையுங்கள், பின்னால் உதவிக்கு ஆகும் என்றேன்.

பையன் அன்று அரிசியில் 'பூ' எழுதினான். பூனையும் தாம்பாளத்தில் கால் வைத்தது. 'னை' அடுத்த சனிக்கிழமை.