வரலாறும் தத்துவமும் குறிப்பெடுத்து ஒப்பிக்க அல்ல

வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற படிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களில் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. 2015இல் ஜப்பானின் கல்வி அமைச்சகம், இத்துறைகளை மூடவோ, சமூகத் தேவைக்கு ஏற்றபடி மாற்றவோ வழி பாருங்கள் என்று தேசியப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதமே எழுதியது. ஆஸ்திரேலியாவில் 2021 முதல், புதிதாகச் சேரும் கலைப்பிரிவு மாணவர்கள் கட்டவேண்டிய தொகை இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. வேலை கிடைக்கும் படிப்புகளின் பக்கம் பிள்ளைகளைத் திருப்புவதற்காகவாம்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் வழக்கமான பதில், "கலைப்படிப்பு படித்தால் நன்றாகப் பேச, எழுத வரும், அது எந்த வேலைக்கும் உதவும்" என்பது. இந்தப் பதில் போதவே போதாது. அது மட்டும்தான் வேண்டுமென்றால் சில மாதப் பயிற்சி வகுப்பு போதுமே, பட்டப்படிப்பு எதற்கு?

இந்தப் படிப்புகளின் அசல் பலம் வேறு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், பேரரசின் மேற்குப் பகுதியைப் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. போப்புகளின் அரசியல் உரிமைக்கு நூற்றாண்டுக் கணக்கில் அது ஆதாரமாகக் காட்டப்பட்டது. அது போலி என்று 1440இல் நிறுவினார் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா. அவர் செய்ததெல்லாம் ஊன்றிப் படித்ததுதான். அந்த லத்தீன் 4ஆம் நூற்றாண்டின் லத்தீன் இல்லை. அன்றைய ரோமில் இல்லாத பதவிகள் அதில் வருகின்றன. கான்ஸ்டான்டினோப்பிள் என்ற பெயரே வைக்கப்படாத காலத்து ஆவணத்தில் அந்த நகரம் எப்படி வந்தது என்று கேட்டார்.

இதை நம் வகுப்புகளில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? "போலி என்று நிறுவியவர் யார், எந்த ஆண்டு?" இரண்டு மதிப்பெண். முடிந்தது. அந்த ஆவணத்தின் ஒரு பக்கத்தைக்கூட மாணவர் கண்ணால் பார்ப்பதில்லை. கண்டுபிடிக்கும் முறையை விட்டுவிட்டு, கண்டுபிடித்த முடிவை மட்டும் கொடுக்கிறோம். அப்புறம் இந்தப் படிப்பால் என்ன பயன் என்று வெளியே இருப்பவர்கள் கேட்டால் அவர்கள்மேல் கோபப்படுகிறோம்.

பயனுக்கு உதாரணம் அண்மையிலேயே இருக்கிறது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலிலிருந்தும் தொற்று வந்தது. பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் உடலை எடுத்துச் சென்று புதைத்தன. இறுதிச் சடங்கு செய்ய முடியாத குடும்பங்கள் சில இடங்களில் உடலை மறைத்தன, ரகசியமாக அடக்கம் செய்தன. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் உதவ, அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கௌரவமான அடக்கத்துக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டது. அந்தச் சடங்கு அந்த மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்று தெரியாமல் மருத்துவத்தால் மட்டும் அங்கே நகர்ந்திருக்க முடியாது.

எனவே, பாடத்திட்டத்தில் பாதியை வெட்டலாம் என்கிறேன். பத்து நூல்களைப் பற்றிய குறிப்புகளைவிட ஒரே நூலை முழுசாகப் படித்துச் சண்டை போடுவது மேல். செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் எழுதித் தரும் கட்டுரையை இனியும் கேட்காமல், மாணவரை எதிரே உட்காரவைத்து "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.

இதற்குச் சிறிய வகுப்புகள் வேண்டும். ஆய்வகம் தேவையில்லை, செலவு குறைவு என்று சொல்லித்தான் இந்த வகுப்புகளில் கூட்டத்தை அடைக்கிறார்கள். ஒரு மாணவரின் கட்டுரையைப் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதி, மறுபடி எழுத வைக்க ஆசிரியருக்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு, ஆய்வகத்துக்கு ஒதுக்குவது போல அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.